டப்பா மாறினால் புள்ளி மாறுமா? ஏர் ரைஃபிள் பெல்லட் சோதனை

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். இலக்கின் நடுவே இருக்கும் பத்தின் பொட்டு வெறும் அரை மி.மீ. அகலம். பெல்லட் எனும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. ஓட்டையின் ஓரம் அந்தப் பொட்டைத் தொட்டால் 10.0. அதாவது ஓட்டையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளியிருக்கலாம். உச்சப் புள்ளியான 10.9 வேண்டுமானால் கால் மி.மீட்டருக்குள் விழ வேண்டும். 2013 முதல் தகுதிச் சுற்றிலேயே தசமப் புள்ளி கணக்கில் வந்துவிட்டது. 60 குண்டு, முழு மதிப்பெண் 654.0. அதற்கு முன் 10.0 விழுந்தாலும் 10.9 விழுந்தாலும் பத்துதான். பெல்லட் டப்பாவைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

என் மகள் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக இதை ஆரம்பித்தவள். இப்போது சராசரியாக 10.2 சுடுகிறாள், 60 குண்டுக்கு 611, 612 வரும். அவளுடைய புகார் ஒன்றுதான். விசையை இழுத்த நொடியிலேயே குண்டு எங்கே போயிருக்கும் என்று சுடுபவருக்குத் தெரிந்துவிடும். "நல்லா விட்டேன்பா, ஆனா 9.8 காட்டுது" என்று அவள் சொல்வது எப்போதாவது என்றால் விட்டுவிடலாம். ஒரே பயிற்சியில் இரண்டு மூன்று தடவை நடந்தால் துப்பாக்கியையோ பெல்லட்டையோ பார்த்தாக வேண்டும். துப்பாக்கியை எங்கள் கிளப்பின் ஆயுத அறை அண்ணன் பிரித்துப் பார்த்து, திருகுகளை முறுக்கு அளவுகோலால் சரிபார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல தம்பி, டப்பாவப் பாருங்க" என்றார். பயிற்சிக்கென்று மலிவாக வாங்கிய டப்பா அது.

எங்கள் மச்சான் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் இருக்கிறார். .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்திருக்கிறார், தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வார். சிங்கப்பூரில் நமக்கு இது கற்பனைக்கும் எட்டாத விஷயம். தேசிய சேவையில் சுட்டு முடித்ததும் தோட்டாவின் வெற்றுக்கூடுகூட என்னிடம் இல்லை என்று உரக்கச் சொன்ன பிறகுதானே ரேஞ்சை விட்டு வெளியே விட்டார்கள்! அவரோ அதே பித்தளைக் கூடுகளை டப்பா டப்பாவாகச் சேர்த்து, கழுவி, ஒவ்வொன்றாக எடை போடுகிறார். வாட்ஸப்பில் பெல்லட் விஷயத்தைச் சொன்னதும், "தராசு வாங்கு, எடை பிரி, எல்லாம் சரியாயிடும்" என்று அடித்துச் சொன்னார்.

அவர் ஏன் எடை போடுகிறார் என்று கேட்டு வாங்கிய பதில் பயனுள்ளதாக இருந்தது. கூட்டின் வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், துப்பாக்கியின் அறைக்குள் கச்சிதமாக உட்கார வேண்டுமே. அப்படியானால் ஒரு கூடு கூடுதல் கனமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் சுவர் தடித்திருப்பது. சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். பித்தளையின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் எட்டரை மடங்கு. கூடு 0.65 கிராம் கூடுதல் கனம் என்றால் உள்ளே ஏறக்குறைய 0.076 மில்லிலிட்டர் இடம் குறைகிறது. .308 கூட்டின் மொத்தக் கொள்ளளவே 3.6 மில்லிலிட்டர் போலத்தான், ஆக இரண்டு சதவீதம் போய்விட்டது. அதே அளவு வெடிமருந்தை இந்தச் சின்ன இடத்தில் எரித்தால் அழுத்தம் ஏறும், வேகமும் ஏறும். ராணுவக் கூடுகள் பொதுவாகத் தடித்தவை. கடையில் வாங்கிய கூட்டுக்கென்று கண்டுபிடித்த மருந்தளவை அப்படியே ராணுவக் கூட்டில் போடுவது ஆபத்து, முதலில் குறைத்துவிட்டுத்தான் மெல்ல ஏற வேண்டும் என்றார். கூடுகளைக் கலந்து சுட்டால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறும், தூரம் போகப் போக அது மேலும் கீழுமாகப் பரவும். சந்தேகம் வந்தால் கூட்டுக்குள் தண்ணீர் நிரப்பி நேரடியாகவே கொள்ளளவைப் பார்த்துவிடுவாராம்.

ஆக அவருடைய தராசு அளப்பது கூட்டின் உள்ளிடத்தை. பெல்லட்டில் மருந்து எரியும் உள்ளிடம் என்று ஒன்று கிடையாது. அங்கே எடை எதைச் சொல்லும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரைஃபிளுக்கான போட்டிப் பெல்லட் 0.53 கிராம். குழல் முனையில் வேகம் நொடிக்கு சுமார் 172 மீட்டர். 10 மீட்டரைக் கடக்க 0.06 நொடி ஆகும், அதற்குள் பெல்லட் 17, 18 மி.மீ. கீழே இறங்கும். அந்த இறக்கத்தைச் சைட்டில் சரிசெய்துவிடுகிறோம், மாறாமல் இருந்தால் போதும். காற்று கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். 17.6-இல் ஒரு சதவீதம் 0.18 மி.மீ. 0.1 புள்ளிகூட இல்லை. ஒரு சதவீதம் என்றால் 0.530 கிராமுக்குப் பதில் 0.535. அவ்வளவு வித்தியாசம் மலிவு டப்பாவின் இரு கோடிகளில்தான் கிடைக்கும்.

சரி, கணக்கு கணக்காக இருக்கட்டும், எடையையும் போட்டுவிடுவோம் என்று ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசைக் கிளப்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் கிளப்பில் துப்பாக்கியும் பெல்லட்டும் ஆயுத அறையைத் தாண்டி வீட்டுக்கு வராது, அதனால் தராசுதான் பயணம் செய்ய வேண்டியிருந்தது. குளிர்சாதனக் காற்று நேராக மேசைமேல் அடிப்பதில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. நான்கு பக்கமும் அட்டை வைத்து மறைத்த பிறகு நின்றது. மலிவு டப்பாவில் 0.523 முதல் 0.537 வரை. போட்டி டப்பாவில் 0.528 முதல் 0.532. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதினாள், பாதியில் அலுத்துப்போய் எழுந்து சுடப் போய்விட்டாள்.

எடையைவிட முக்கியமானது பெல்லட் குழலுக்குள் எப்படிப் பொருந்துகிறது என்பது. டயபோலோ பெல்லட்டை லூப் கண்ணாடியில் பார்த்தால் நடுவில் இடை சிறுத்து, முன்னால் தட்டையான தலை, பின்னால் குடைந்த மெல்லிய ஸ்கர்ட். தலை குழலின் வரித்தடங்கள்மேல் சவாரி செய்து பெல்லட்டை நேராக வைத்திருக்கும். ஸ்கர்ட் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கும். மச்சானின் பித்தளைக் கூடு மருந்து வெடிக்கும்போது விரிந்து அறையை அடைக்கிறதே, அந்த வேலையை இங்கே ஸ்கர்ட் பார்க்கிறது. ஸ்கர்ட்டில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் பெல்லட் குழல் முனையை விட்டு வெளியேறும் கணத்தில் அந்தப் பக்கம் காற்று முந்திக்கொண்டு பீறிடும், பெல்லட்டைச் சற்றே கோணலாகத் தள்ளும்.

தலையின் விட்டம்தான் டப்பாவின் ஸ்டிக்கரில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருப்பது. அதன் பக்கத்திலேயே தொகுதி எண். அச்சு தேயத் தேய பெல்லட் நுணுக்கமாக மாறும், அதனால் ஒரே பிராண்ட், ஒரே அளவு என்றாலும் இந்தத் தொகுதியும் அடுத்த தொகுதியும் ஒரே மாதிரி சுடும் என்று உத்தரவாதம் இல்லை. ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், ஹெச் அண்ட் என், செக் நாட்டின் ஜேஎஸ்பி என்று எல்லாத் தயாரிப்பாளர்களின் டப்பாவிலும் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். விலைப்பட்டியலைவிட அதுதான் முக்கியம்.

சோதனைக்கு அண்ணன் ஒரு ஓரத் தடத்தை ஒதுக்கிக் கொடுத்தார். மரக்கட்டையிலிருந்து குழலும் இயக்கப் பகுதியும் மட்டும் தனியாகக் கழற்றி, கான்கிரீட் தூணோடு போல்ட் போட்ட வைஸில் இயக்கப் பகுதியைப் பிடிக்க வைத்தார். குழலைப் பிடிக்கக் கூடாது, அது சுதந்திரமாக நிற்க வேண்டும். முதலில் மேசையில் வைக்கலாமே என்று யோசித்தோம். பக்கத்துத் தடத்தில் ஒருவர் பையை வைத்ததற்கே மேசை அதிர்ந்தது, தூணே சரி என்று முடிவானது. மின்னணு இலக்கு இருந்தும் அட்டையில்தான் சுட்டேன். தட்டைத் தலைப் பெல்லட் அட்டையில் காகிதத் துளைப்பான் போல வட்டமாக வெட்டும், வெர்னியரை வைத்து அளப்பது சுலபம். ஒரு குரூப்பின், அதாவது ஒரே அட்டையில் விழுந்த ஓட்டைக் கூட்டத்தின், வெளி ஓரம் முதல் வெளி ஓரம் வரை அளந்து 4.5-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மூன்று விஷயத்தில் அண்ணன் விடாப்பிடியாக இருந்தார். சிலிண்டரில் காற்றழுத்தம் 180 பாருக்கும் 100 பாருக்கும் இடையில் இருக்கும்போது மட்டும் சுட வேண்டும். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அதன் முதல் ஒன்றிரண்டு சுடுதல் வேகம் மாறி வரும், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டப்பா மாற்றும்போதெல்லாம் குழலை ஃபெல்ட் போட்டுத் துடைத்துவிட்டு, புதுப் பெல்லட்டில் குறைந்தது இருபதை வீணாகச் சுட்டுக் குழலைப் பழக்க வேண்டும். பழைய பெல்லட்டின் ஈயப் பூச்சும் எண்ணெயும் குழலுக்குள் இருக்கும்வரை புதிய டப்பாவின் குணம் வெளியே வராது. இந்தக் கடைசி விஷயத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு "இது சரியில்லை" என்று நல்ல டப்பாவை ஒதுக்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஐந்து குண்டுக் குரூப்பை நம்பவே கூடாது. ஒரே டப்பா, ஒரே வைஸ், கை படாமல் சுட்டாலும் ஒன்று சின்னதாக வரும், அடுத்தது பெரிதாக வரும். பத்துப் பத்தாகச் சுட்டு, ஒவ்வொரு டப்பாவுக்கும் பல அட்டைகள் எடுத்து சராசரி பார்த்தேன்.

பயிற்சி டப்பாவின் அட்டைகள் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் 7.5 மி.மீ. சராசரி. வைஸில் பிடித்த துப்பாக்கியே 10.3, 10.4 போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையை எதற்குக் குறை சொல்ல? போட்டி டப்பாக்களில் 4.49 தலை 6.0, 4.50 தலை 5.5. 4.51 தலை வேடிக்கை. பெருவிரலால் உள்ளே தள்ளும்போதே கொஞ்சம் அடம் பிடித்தது, ஒன்பது குண்டு அழகாக ஒரே ஓட்டையில் போனது, பத்தாவது ஒன்று தனியே ஓடியது. இது ஒரு அட்டையில் என்றால் தற்செயல் எனலாம், அந்த டப்பாவில் திரும்பத் திரும்ப வந்தது. வேறொரு தயாரிப்பாளரின் 4.50 இதைவிடப் பெரிய குரூப் தந்தது, அதே 4.50 என்று எழுதியிருந்தும். ஸ்டிக்கர் எண்ணை ஒரு தயாரிப்பாளருக்குள் ஒப்பிடலாம், இரண்டு பேருக்கு இடையில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எந்த பிராண்ட் ஜெயித்தது என்று இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்கள் குழலுக்கு உதவாது. ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டு அருகருகே நின்றாலும் இரண்டுக்கும் பிடித்த டப்பா வேறாக இருப்பதை எங்கள் கிளப்பிலேயே பார்க்கலாம்.

மச்சானுக்காக எடைச் சோதனையையும் முடித்தேன். பயிற்சி டப்பாவில் 0.529 முதல் 0.531 வரை இருந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துச் சுட்டேன். 7.5 இருந்தது 7.2 ஆனது. அதற்கு முன்னால் அதே டப்பாவில் ஸ்கர்ட் நசுங்கியவற்றை மட்டும் கண்ணால் பொறுக்கி வெளியே போட்டுச் சுட்டதற்கு 6.8 கிடைத்திருந்தது. கண்ணால் பொறுக்குவது சுலபம். கண்ணாடிப் பலகையைச் சற்றே சாய்த்து வைத்து, பெல்லட்டைப் படுக்கவைத்து உருட்டினால், தலையைவிட ஸ்கர்ட் பெரிதென்பதால் வளைந்து வளைந்து ஓடும். எல்லாம் ஒரே வளைவில் ஓடிக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சேரும். நசுங்கியது தத்தித் தத்தி வேறெங்கோ போகும். இதை மகள் அலுப்பில்லாமல் செய்தாள்.

வேகத்தையும் குரோனோகிராஃபில் பார்த்தோம். போட்டி டப்பாவில் குண்டுக்குக் குண்டு வித்தியாசம் அதிகபட்சம் நொடிக்கு 2 மீட்டர். இதுவே இறக்கத்தில் 0.4 மி.மீ. ஆகிவிடுகிறது. எடையால் வரும் சிதறலைவிட ரெகுலேட்டரால் வரும் சிதறல் பெரிது என்பதற்கு இதுவே போதும். தராசுக்குச் செலவழிக்கும் காசை ரெகுலேட்டர் சர்வீஸுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

இனி விலைக்கான கேள்வி. பயிற்சி டப்பாவை விட்டுவிட்டு 5.5 தரும் டப்பாவுக்கு மாறினால் மகளுக்கு எவ்வளவு கிடைக்கும்? பத்துக் குண்டுக் குரூப்பில் மையத்துக்கு மையம் உள்ள அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு குண்டு சராசரியாக நடுவிலிருந்து விலகும் தூரம். பயிற்சி டப்பாவுக்கு 3 மி.மீ. அகலம், ஆக விலகல் 1 மி.மீ. நல்ல டப்பாவுக்கு 0.33. மகள் நல்ல பெல்லட்டோடு 10.2 சுடுகிறாள் என்றால் அவளுடைய சொந்த விலகல் 1.9 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு விலகல்களையும் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.9-உம் 1-உம் சேர்ந்தால் 2.15. 1.9-உம் 0.33-உம் சேர்ந்தால் 1.93. வித்தியாசம் 0.22 மி.மீ., ஒரு குண்டுக்கு 0.09 புள்ளி, 60 குண்டுக்கு ஐந்து புள்ளி சொச்சம். போட்டிப் பட்டியலில் ஐந்து புள்ளிக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று சுடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கணக்கை 6.0 தந்த 4.49-க்கும் 5.5 தந்த 4.50-க்கும் போட்டால், 60 குண்டுக்கு ஒரு புள்ளிகூட வராது. இந்த இரண்டுக்கும் இடையில் எதை வாங்குவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வீண். கையிருப்பில் எது நிறைய இருக்கிறதோ அதை வாங்கலாம். 10.6 சராசரி சுடும் தேசிய அணிக்காரருக்குக் கணக்கு வேறு. அவருடைய சொந்த விலகல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இருக்கும், பெல்லட்டின் விலகல் அங்கே பெரிய பங்கு. சுடுநர்கள் துப்பாக்கியோடு வந்தே டப்பா தேர்ந்தெடுக்க ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலர் சோதனைக் கூடம் வைத்திருப்பது அதனால்தான். மச்சானின் உலகத்திலும் இதே கதைதான் என்றேன் அவரிடம்: 100 மீட்டரில் பன்றி சுடுபவருக்குக் கூட்டின் எடை பிரிப்பது வீண்வேலை, 1,000 மீட்டரில் போட்டி போடுபவருக்கு அவசியம். பன்றி சுடுவது அவரே என்பதால் அன்றைக்கு அதற்குமேல் பதில் வரவில்லை.

டப்பா முடிவான பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே தொகுதி எண்ணில் முடிந்த அளவு சேர்த்து வாங்குவது. டப்பாவுக்கு 500 பெல்லட். பயிற்சியும் போட்டியும் சேர்ந்து அது சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் பிராண்டையும் அளவையும் மட்டும் சொன்னால் எந்தத் தொகுதி வருமோ தெரியாது, எண்ணைப் படமெடுத்து அனுப்பி, இதுதான் வேண்டும் என்று கேட்க வேண்டும். முகம் சுளிப்பார்கள், கொடுப்பார்கள். நம் ஊர் ஈரத்தில் திறந்த டப்பாவிலுள்ள ஈயம் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பொடி கையிலும் படும், குழலிலும் படும். திறக்காத டப்பாக்களை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்து ஆயுத அறையில் கொடுத்துவிட்டேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கேன்டீன் பக்கம் போகக் கூடாது என்பதும் மகளுக்குப் பழகிவிட்டது.

பயிற்சிக்கு மலிவு டப்பாவையே வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டார். மகள் மறுத்துவிட்டாள்: "நல்லா விட்டேனா இல்லையான்னே தெரியாம எதுக்கு அங்கிள் பயிற்சி?" அதில் நியாயம் இருக்கிறது. நின்று பழகவும் விசைப் பயிற்சிக்கும் பெல்லட்டே தேவையில்லை, வெறும் துப்பாக்கி போதும். பெல்லட் போட்டுச் சுட்டால் அது சொல்வதை நம்ப முடிய வேண்டும். அதனால் மீதமிருந்த மலிவு டப்பாக்கள் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போய்விட்டன. எட்டுப் புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் போராடும் கட்டத்தில் அந்த ஒரு மில்லிமீட்டர் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. 4.51 டப்பாவில் பாதி இன்னும் இருக்கிறது. கிளப்பில் பழைய துப்பாக்கி ஒன்றின் குழல் கொஞ்சம் தளர்வு என்று அண்ணன் சொல்கிறார், அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.